கண்கண்ட சாட்சி

கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவிலே, சனிக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் கூடுகிற தேநீர்க் கடையின் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று இருபது வருஷமாக நான் வாசித்துப் பார்த்ததில்லை; ஆனால் உள்ளே நுழைந்ததும் இடப்பக்கத்து மூலையில், சூடாக்கியை அடுத்துச் சுவரோரமாகப் போட்டிருக்கும் நாற்காலி எனக்கே உரியது என்பதும், அறியாமல் வேறொருவர் அதில் அமர்ந்துவிட்டால் கடைக்காரரே வந்து பவ்வியமாக எழுப்பிவிடுவார் என்பதும் அங்கே வருகிற சகலருக்கும் தெரியும். இந்தச் சிம்மாசனம் எனக்கு வயதினாலே கிடைத்ததன்று. வித்துவத்தினாலே கிடைத்ததாக என் விரோதிகளும் சொல்லமாட்டார்கள். வெஸ்ட் ஹாம் யுனைடெட் என்னும் உதைபந்தாட்டக் கழகத்தின் நடுக்களத்தில் ட்ரெவர் புரூக்கிங் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் அவரை நேரிலே, கண்ணாரக் கண்டவன் அந்தச் சபையில் நான் ஒருவனே என்கிற ஏக யோக்கியதையினால் கிடைத்தது.

இந்தக் கழகத்தின் பூர்வோத்தரத்தைச் சற்றே சொல்லிவிட வேண்டும். தேம்ஸ் நதிக்கரையில் கப்பல் கட்டிக்கொண்டிருந்த தேம்ஸ் அயன்வர்க்ஸ் என்ற இரும்புப் பட்டறையின் தொழிலாளர்களுக்காக 1895இல் தொடங்கி, 1900இல் இப்போதைய பெயரைச் சூடிக்கொண்ட அது, பட்டறைச் சம்மட்டிகள் இரண்டையும் குறுக்கும் மறுக்குமாக இன்றைக்கும் தன் சின்னத்திலே தாங்கி நிற்கிறது. 1904 முதல் 2016 வரை அதனுடைய மைதானம் அப்டன் பார்க்கில், எங்கள் கடைத்தெருவிலிருந்து ஒரு வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் நடந்துவிடக்கூடிய தூரத்தில் இருந்தது. மூன்று தரம் எஃப்.ஏ. கிண்ணம் வென்றிருக்கிறது, அவற்றுள் கடைசிக் கிண்ணம் 1980இல் வந்தது. அதற்கப்பால் 2023 வரை, நாற்பத்துமூன்று வருஷமாக, சொல்லிக்கொள்ளும்படியான கிண்ணம் எதுவும் அலமாரிக்குள் புகவில்லை. வேறொரு கழகமாயிருந்தால் ரசிகர்கள் மனமுடைந்து கிரிக்கெட்டின் பக்கம் போயிருப்பார்கள். எங்களவர்களோ அந்த நாற்பத்துமூன்று வருஷத்தையும், தங்கள் நடுக்கள வீரர்களுள் யார் பெரியவர் என்று விசாரிப்பதிலே சுகமாகக் கழித்துவிட்டார்கள்.

விசாரணைக்கு நடுக்கள வீரனைத் தேர்ந்துகொண்டதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கோல் அடிக்கிறவனைப் பற்றி நீண்ட வாதம் நடத்த இயலாது. எத்தனை அடித்தான் என்று யாராவது கணக்கைப் பார்த்துச் சொன்னால் தேநீர் ஆறுவதற்குள் விவகாரம் தீர்ந்துபோகும். கோல் காப்பவனுடைய குற்றங்குறைகளோ வலைக்குள்ளே கிடந்து தாமே பேசும். நடுவில் நிற்கிறவனுடைய காரியம் அப்படியன்று. யாரோ ஒருவனிடமிருந்து வந்த பந்தை யாரோ ஒருவனிடம் சேர்ப்பிப்பதும், இன்னும் வராத பந்து வரப்போகிற வழியிலே போய்க் காத்திருப்பதும், தான் போகாத பக்கத்துக்குப் போவதாக எதிரியை நம்பவைப்பதுமாகிய அவனுடைய தொழில், கலியாண வீட்டிலே மாப்பிள்ளையுமாகாமல், சமையற்காரருமாகாமல், ஆனால் அவரில்லாவிட்டால் ஒரு காரியமும் நடந்திராது என்று சகலரும் சொல்லுகிற தாய்மாமனுடைய தொழிலைப் போன்றது. அவர் செய்தது என்ன என்று குறுக்கு விசாரணை செய்தால் ஒருவராலும் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல முடியாத விஷயத்திலேதான் வாதம் செழிக்கும்.

எங்கள் சபையில் ஐந்து கட்சிகள் உண்டு. வாடகைக் கார் ஓட்டுகிற நண்பர் ஒருவர் அலன் டெவன்ஷயர் கட்சி. ஹூவர் தொழிற்சாலையில் பாரந்தூக்கி வண்டி ஓட்டிக்கொண்டிருந்த டெவன்ஷயரை 1976இல் சௌத்தோல் என்ற சிறு கழகத்திலிருந்து 5,000 பவுணுக்கு வாங்கினார்கள் என்பதை அவர் சொல்லும்போது, வண்டியோட்டும் வர்க்கம் முழுவதற்கும் கிடைத்த கௌரவமாகவே அது தொனிக்கும். கணக்காளர் ஒருவர் மார்க் நோபிள் கட்சி. கன்னிங் டவுனில், மைதானத்துக்குச் சமீபத்திலேயே பிறந்து, 2004 முதல் 2022 வரை 550 ஆட்டம் ஆடியும் இங்கிலாந்துத் தேசிய அணிக்கு ஒருநாளும் அழைக்கப்படாத ஒருவரிடத்தில், பதவியுயர்வு கிடையாமலே ஓய்வு பெறப்போகிற அவருக்குப் பற்று விழுந்ததில் ஆச்சரியமில்லை. எனக்கு அடுத்த வீட்டுக்காரராகிய வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் அவ்வப்போது வந்து, இஞ்சித் தேநீரை முகம் சுளித்துக் குடித்துக்கொண்டு, மார்ட்டின் பீட்டர்ஸை முன்மொழிவார். பிளாஸ்டோவில் பிறந்த அந்த மகானுபாவர் 1966 உலகக் கிண்ண இறுதியாட்டத்திலே கோல் போட்டவர். ஆட்டத்தில் அவர் தம் காலத்துக்குப் பத்து வருஷம் முந்தி நிற்கிறார் என்று பயிற்றுநர் அல்ஃப் ராம்ஸியே சொல்லியிருக்கிறார். பார்க்கிங் வீதிச் சந்தியில் போபி மூரைத் தோளில் தூக்கியிருக்கிற வெண்கலச் சிலைக் கூட்டத்திலே அவரும் நிற்கிறார். "உங்களுடைய ஆட்களுக்கு வாயால் சிலை வைக்கிறீர்கள், என்னுடைய ஆளை மழையிலும் போய்த் தொட்டுப் பார்க்கலாம்" என்பது கிழவருடைய கடைசி அஸ்திரம். அதற்கு மறுமொழி இல்லை. ஆகையால் அவருக்கு இன்னொரு வடை கொடுத்து அனுப்பிவிடுவோம்.

நடுக்கள வீரரின் அருமையை ரசிகர்கள் அறிந்த அளவுக்குக் கழகம் அறிந்ததா என்பது வேறு விஷயம். 2006இல் மஸ்செரானோ என்ற அர்ஜென்டீனா இளைஞன் தானாக வந்து சேர்ந்தான். வீட்டு வாசலில் வந்து இறங்கிய தங்கச் சிலையைக் கோழிக்கூட்டின் கதவுக்கு முட்டுக் கொடுத்ததைப் போல, அவனை லீக் ஆட்டங்களில் ஐந்தே ஐந்து தரம் இறக்கிவிட்டு மற்ற நாளெல்லாம் வாங்கிலே உட்காரவைத்தார்கள். சில மாதங்களில் லிவர்பூலின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் அவன் ஆடினான். 2011இலோ, ஸ்கொட் பார்க்கரை இங்கிலாந்தின் உதைபந்தாட்ட எழுத்தாளர் சங்கம் அவ்வருஷத்தின் சிறந்த வீரராகத் தெரிந்தெடுத்தது. அதே வருஷத்தில் அவருடைய கழகம் பட்டியலின் அடிமட்டத்திலே கிடந்து கீழ்ப்பிரிவுக்கு இறங்கிற்று. மூத்த பையன் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்த அன்றைக்கே வீடு ஏலத்துக்குப் போனதைப் போன்ற சந்தோஷம் அது. பிரெஞ்சுக்காரராகிய திமித்ரி பயேயின் பெயரை மாத்திரம் எங்கள் கடையில் ஒருவரும் உச்சரிப்பதில்லை. ஒன்றரை வருஷம் அற்புதமெல்லாம் காட்டிவிட்டு, இனி ஆடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து மார்செய்க்குத் திரும்பிய அவரை, சீதனத்தோடு போய்விட்ட மருமகனை நினைப்பதுபோல மௌனமாக நினைத்துக்கொள்ளுவோம்.

ஐந்தாவது கட்சிக்காரன் இளைஞன். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்க்கிற அவனுக்கு டெக்லன் ரைஸே தெய்வம். அந்தப் பெயரை முதன்முதல் நான் வீட்டில் பிரஸ்தாபித்தபோது, "ரைஸ் என்றால் என்ன ரைஸ்? மொட்டைக்கறுப்பனோ, வெள்ளைப் பச்சையோ?" என்று என் மனைவி விசாரித்ததை அவனிடத்தில் சொன்னதனால், ஒரு மாதம் அவன் என்னோடு பேசாதிருந்தான். பதினான்கு வயதில் செல்ஸி கழித்துவிட்ட பிள்ளையை எடுத்து வளர்த்து, 2023இல் ஆர்சனலுக்கு விற்றபோது கிடைத்த விலை 10 கோடி பவுண். மேலும் 50 இலட்சம் பிற்பாடு சேரும் என்று ஒப்பந்தம். வாடகைக் கார் நண்பர் உடனே தம்முடைய தொலைபேசியில் கணக்குப் போட்டு, அந்தப் பணத்துக்கு 21,000 டெவன்ஷயர்களை வாங்கியிருக்கலாம் என்று அறிவித்தார். அத்தனை பேரையும் எங்கே நிறுத்துவது என்று கணக்காளர் கேட்டதற்கு, புதிய மைதானத்தில் நிறுத்தலாம், ஓட்டப் பந்தயத்துக்காகக் கட்டின இடமாகையால் ஆட்டத்துக்கும் சனத்துக்கும் நடுவே வேண்டிய வெளி கிடக்கிறது என்றார்.

இளைஞனுக்கும் எனக்குமே பிரதான யுத்தம்.

"ஐயா, உங்கட புரூக்கிங் ஒரு ஆட்டத்திலே எத்தனை கிலோமீற்றர் ஓடினவர்?" என்பான்.

"தம்பி, தேரிலே இருக்கிற சுவாமி ஓடுறேல்லை. வடம் பிடிக்கிறவைதான் ஓடுகினம்."

"ரைஸ் தேரிலேயும் இருப்பான், இறங்கி வடத்தையும் இழுப்பான். அதுதான் ஐயா வித்தியாசம்."

நான் அப்போது என் சாட்சியத்தை விரிப்பேன். தம்மைப் பற்றி முகமது அலி பாடிக்கொண்ட பெருமையைத் திருப்பிப் போட்டு, இந்த மனுஷர் வண்ணத்துப்பூச்சியாக மிதந்து வண்ணத்துப்பூச்சியாகவே கொட்டுகிறார் என்று பிரையன் கிளஃப் பரிகசித்ததையும், அப்படிப்பட்டவர் 1980 இறுதியாட்டத்தின் பதின்மூன்றாம் நிமிஷத்திலே, தலையால் முட்டிக் கோல் போடும் வழக்கமே பெரிதும் இல்லாதவர், குனிந்து தலையைக் கொடுத்து ஆர்சனலை வீழ்த்தினதையும், அன்றைக்கு வெஸ்ட் ஹாம் இரண்டாம் பிரிவுக் கழகம் என்பதையும், மறுவருஷம் புடாபெஸ்டில் அவர் அடித்த பந்து கோற்கம்பத்தின் மூலையிலே சொருகிக்கொண்டு கீழே விழ மறுத்ததையும் சொல்லி, ஈற்றிலே குரலைத் தாழ்த்தி, "இதெல்லாம் ஊரறிந்த சங்கதி. நான் கண்டது வேறை. பந்து காலுக்கு வரும், மனுசன் தொடமாட்டார். உடம்பை இப்பிடி ஒரு பக்கம் சரிப்பார், பந்து தன்ரபாட்டிலே மற்றப் பக்கத்தாலே உருண்டு போகும், காக்க வந்தவன் வெறும் காற்றைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிற்பான்" என்று நாற்காலியிலிருந்து எழுந்து அபிநயிப்பேன். ஒருமுறை சூடாக்கியிலே இடித்துக்கொண்டேன். சபை அடங்கிப்போகும்.

நான் கண்டது இன்னது என்பதை, தேநீர்க் கடைக்காரர் கட்டுரைகள் வாசிப்பதில்லை என்ற தைரியத்தில், இங்கே எழுதிவிடுகிறேன். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பை விட்டு வந்து, மைத்துனருடைய பழைய மேலங்கிக்குள்ளே மிதந்துகொண்டிருந்த முதலாவது மாரிகாலத்தில், எதிரணி எதுவென்றுகூடத் தெரியாமல், கூட்டம் போன வழியே போய் அப்டன் பார்க்கிலே நின்றேன். அக்காலத்தில் அந்தப் பக்கத்தில் ஆசனம் கிடையாது. படிக்கட்டில் நெருக்கியடித்து நிற்க வேண்டும். எனக்கு நேர்முன்னே துறைமுகத் தொழிலாளி என்று ஊகிக்கத்தக்க ஓர் ஆஜானுபாகுவான மனிதர் நின்றார்; அவருடைய தோளின்மேல் அவருடைய மகன் இருந்தான். ஆகவே முதற்பாதி முழுவதும் நான் தரிசித்தது ஒரு கம்பளித் தொப்பியையும் சேறு பட்ட இரண்டு சிறிய சப்பாத்துகளையுமே. இரண்டாம் பாதியில் பையன் மிட்டாய்க்காகப் பையைத் துழாவக் குனிந்த சமயத்தில், அவனுடைய முழங்கைக்கும் தகப்பனுடைய காதுக்கும் இடையே, வெளிச்சக் கம்பங்களின் ஒளியிலே, முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட ஒரு கால் தெரிந்தது, அதே கணத்தில் நாலா பக்கமும் "ட்ரெவர்!" என்று கூவினார்கள். அந்தக் கால் அவருடையது என்றே நான் பூரணமாக நம்பினேன். அது எதிரணிக்காரனுடைய காலாயிருக்கக்கூடும் என்ற சந்தேகம் வெகுநாள் கழித்து, ஒரு காய்ச்சல் இரவிலேதான் முதலில் எழுந்தது. நல்லூர்த் தேரன்று கடைசி வரிசையில் நின்று தேர்முடியின் சேலையை மாத்திரம் கண்டு வந்தவர்களும் கும்பிட்டு வந்தோம் என்றுதானே சொல்லுகிறார்கள்? கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்றால் கால் தரிசனத்துக்கு ஒரு நாற்காலியாவது கிடைக்கக் கூடாதா? நான் பொய் சொல்லத் தொடங்கவும் இல்லை. போனாயா என்று கேட்டார்கள், போனேன் என்றேன். புரூக்கிங் ஆடினாரா என்றார்கள், ஆடினார் என்றேன். எஞ்சியவற்றைப் பத்திரிகைகளும் பிற்காலத்து வீடியோ நாடாக்களும் சேர்த்துக் கொடுத்தன. அவர் 1984இல் ஓய்வு பெற்றுவிட்டபடியால், மறுபடி போய்ப் பார்த்துத் திருத்திக்கொள்ளவும் வழியில்லாமற் போயிற்று.

இனி 2023 ஜூன் 7ஆம் தேதி. பிராக் நகரத்திலே ஃபியோரென்டினாவுடன் ஐரோப்பிய கொன்ஃபரன்ஸ் லீக் இறுதியாட்டம், ரைஸ் தலைவன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல் விழுந்த பிற்பாடு, நான் பார்க்கிற ஆட்டம் தோற்கும் என்கிற பழைய சாபம் ஞாபகத்துக்கு வரவே, இதயமும் இடங்கொடாமல், பால் முடிந்துவிட்டது என்று பொய் சொல்லி வெளிக்கிட்டேன். இரவு பத்து மணிக்குச் சற்று முன் திறந்திருந்தது அந்தப் பெற்றோல் நிலையம் ஒன்றுதான். இளைஞன் தன் கைத்தொலைபேசியைச் சுவிங்கம் பெட்டியின்மேல் சாத்திவைத்து, கண்ணிமையாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, போத்தலைப் பார்த்து, தேதி நாளையோடு முடிகிறது, வேறு பால் எடுத்துத் தா என்றேன். அவன் ஒரு கணம் என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை. போனான். கடைசி மூலையிலிருக்கும் குளிரூட்டிக்குள்ளே அவன் தலை போயிருந்த சமயத்திலே, மேல்மாடி வீடுகளிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பிற்று. தெருவிலே கார்கள் ஊதின. இருவரும் ஓடிவந்து பார்த்தபோது, ஆட்டக்காரர் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து குவிந்து கிடந்தார்கள். தொண்ணூறாம் நிமிஷத்திலே லூக்காஸ் பக்கெட்டா பந்தைத் தள்ளிக்கொடுக்க, ஜரோட் போவன் கொண்டு ஓடிக் கோல் அடித்துவிட்டிருந்தான். நாற்பத்துமூன்று வருஷம் காத்திருந்த கிண்ணம், ஒரு போத்தல் பாலின் தேதியினால் எங்கள் இருவர் கண்ணிலும் படாமற் போயிற்று. பிறகு திருப்பித் திருப்பிக் காட்டினார்கள், பார்த்தோம். ஆனால் அது சாட்சியத்தில் சேராது. அவன் பால் காசு வாங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கடையில் அவன் எழுந்து நின்று, பக்கெட்டாவின் கால் எந்தக் கணத்தில் திரும்பிற்று, அதற்கு முன் ரைஸ் எங்கே நின்று யாரை இழுத்து வைத்திருந்தான், பந்து புறப்படும்போதே இது கோல் என்று தனக்கு எப்படி விளங்கிவிட்டது என்று அங்குலம் அங்குலமாக வர்ணித்தான். நடுவிலே ஒருமுறை என் பக்கம் திரும்பி, வார்த்தை தடுமாறி நின்றான்.

"ஓம் தம்பி," என்றேன். "அந்தப் பந்து அப்பிடித்தான் புறப்பட்டது."

அன்றிலிருந்து கடைக்குப் புதிதாக யாராவது வந்து அந்த மூலை நாற்காலியில் அமரப்போனால், கடைக்காரருக்கு முந்தி அவனே எழுந்து ஓடிவருகிறான். "அதிலே இருக்காதேங்கோ. ஐயா புரூக்கிங்கைக் கண்ணாலே கண்டவர்."