நிறத்தைக் காப்பவர்க்கும் நிறத்தைப் போக்குபவர்க்கும் ஆரணியிலிருந்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
ஒரு தறிக்காரன்
(மூன்று தலைமுறையாகக் குழித்தறி, ஒரு தலைமுறையாக மாதிரி வழங்குபவன்),
ஆரணி, திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
பொதுப்பணத்தில் ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும் குழு,
புது தில்லி.

பொருள்: சுற்றுச்சூழல் உயிரித் தொழில்நுட்பம் மற்றும் மின்னணுப் பண்பாட்டுப் பாரம்பரியம் - இரண்டும் ஆரணியில் ஒரே அண்டாவில் கைவிட்டது - தகவல் தெரிவித்தல் - தொடர்பாக.

பார்வை: தங்களிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை.

ஐயா,

இங்கு நலம். தாங்களும் குழு உறுப்பினர்களும் நலமாக இருக்கக் கமண்டல நாகநதிக் கரையிலிருந்து வேண்டுகிறேன். ஆற்றில் தண்ணீர் வந்தால் இன்னும் நன்றாக வேண்டிக்கொள்வேன்.

எங்கள் தெருவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் வந்தன. முதல் குழுவினர் கையுறை மாட்டிக்கொண்டு, சாயப்பட்டறையிலிருந்து ஓடும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தார்கள். கிருமியைக் கொண்டு எங்கள் சாயத்தின் நிறத்தைப் போக்குவது அவர்கள் திட்டம். இரண்டாம் குழுவினர் குடைவிளக்கு, முக்காலி, கேமரா சகிதம் வந்து சேலைகளை விரித்துப் படம் எடுத்தார்கள். எங்கள் சாயத்தின் நிறத்தை அழியாமல் காப்பது அவர்கள் திட்டம். பாட்டிலில் போனதும் படத்தில் போனதும் ஒரே அண்டாவின் அரக்குச் சிவப்புதான். இரண்டு ஜீப்பும் ஒரே வேப்பமரத்தடியில் நின்றன. ஓட்டுநர்கள் இருவரும் ஊர் பேர் விசாரித்து, போன் நம்பர்கூட மாற்றிக்கொண்டார்கள். அறிஞர்கள் மட்டும் ஒருவரை ஒருவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இரண்டு பெட்டிகளிலும் ஒட்டியிருந்த சீட்டைப் படித்த பிறகுதான், போக்குவதற்கும் காப்பதற்கும் பணம் ஒரே கஜானாவிலிருந்து போகிறது என்பது எனக்குப் புரிந்தது.

கிருமி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சாயத்தை உடைக்கும் நுண்ணுயிர்கள் இருப்பது நிஜம். பட்ட மரத்தை மக்கவைக்கும் வெண்ணழுகல் பூஞ்சை அசோ வகை வேதிச் சாயங்களையும் உடைக்கும் என்று 1990லேயே ஆய்விதழில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நம் ஆய்வகங்கள் சும்மா இருக்கவில்லை. குளத்துச் சேறு, சாக்கடைச் சேறு, சாயப்பட்டறை வாசல் மண் என்று எல்லாவற்றையும் தோண்டி, நிறம் போக்கும் கிருமிகளைப் பிடித்துக் கட்டுரை எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். பல கட்டுரைகளில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் நிறம் போய்விடுகிறது. படித்துப் பார்த்தால் நாட்டில் சாயத்தண்ணீரே மிச்சமிருக்காது என்று தோன்றும். பாவம், எங்கள் சாக்கடைக்கு ஆய்விதழ் படிக்கும் பழக்கம் இல்லை.

ஆய்வகத்தில் கிருமிக்கு மாப்பிள்ளை உபசாரம். குடுவையில் ஒரே ஒரு சாயம், அதுவும் அளந்து போட்டது, மிதமான சூடு, தொட்டுக்கொள்ளக் குளுக்கோஸ், ஈஸ்ட் சாறு, ஓரிரு நாள் மெல்லக் குலுக்கல். எங்கள் பட்டறைக்கு வந்தால் கதை வேறு. பட்டில் சாயம் ஏற அண்டா கொதிக்கப் போகிற பதத்தில் இருக்க வேண்டும், அமிலமும் விட வேண்டும். காலையில் அரக்கு, மத்தியானம் கிளிப்பச்சை, பொழுது சாய்ந்தால் வாடாமல்லி. அதற்கு முன் நூலில் பசை போக்கக் காய்ச்சிய சோப்புத் தண்ணீரும் சோடாத் தண்ணீரும் அதே கால்வாயில்தான் போயிருக்கும். அமிலத்தில் விழுந்து காரத்தில் எழுந்திருக்கிற கிருமி ஏதாவது அகப்பட்டதா என்று தயவுசெய்து விசாரித்துச் சொல்லவும். இருந்தால் வாடகை இல்லாமல் இடம் தருகிறோம்.

இன்னொரு சங்கதி. அசோ சாயம் காற்றில்லாத நிலையில் உடைந்தால் நிறம் போய்விடும். ஆனால் அரோமாட்டிக் அமீன்கள் என்ற வேதிப்பொருள்கள் மிஞ்சும். அவற்றில் சில புற்றுநோய் தரக்கூடியவை. இந்த அமீன்களுக்குப் பயந்துதான் ஜெர்மனி 1994ல் சட்டம் போட்டது. நம் அரசும் 1997ல் 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. தடையில்லாத சாயத்திலிருந்தும் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கத்தான் வேண்டும். அதனால் காற்றில்லாமல் ஒரு கட்டம், காற்றை ஊதி இன்னொரு கட்டம் என்று இரண்டையும் செய்தால்தான் வேலை முழுசாக முடியும். நிறம் போனதோடு கட்டுரையை முடித்துக்கொண்டால் எழுதியவருக்கு லாபம், எங்களுக்குக் கெடுதல். சிவப்பாக ஓடுகிற சாக்கடையில் பிள்ளைகள் கால் வைப்பதில்லை. தெளிவாக ஓடினால் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் வரும்.

நிறத்தைத் தேடி வந்தவர்கள் நிறமில்லாத தண்ணீரைக் கண்டுகொள்ளவே இல்லை. கச்சாப் பட்டில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு செரிசின் என்கிற பசை. ஒரு கிலோ நூலைக் காய்ச்சினால் முக்கால் கிலோதான் கைக்கு வரும். மிச்சக் கால் கிலோ, சுத்தமான புரதம், நுரையோடு சாக்கடைக்குப் போய் அழுகி நாறுகிறது. அதே செரிசின் ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் முகக்களிம்பிலும் ஷாம்புவிலும் சேர்த்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். சென்னையில் காசு கொடுத்து முகத்தில் பூசுவதை நாங்கள் இலவசமாகச் சாக்கடைக்குப் பூசிக்கொண்டிருக்கிறோம். இதைப் பிரித்தெடுக்கும் முறைகள் ஆய்வகங்களில் உண்டு. தெருவுக்கு ஒரு தொட்டி வைத்து, வாரம் ஒருமுறை வந்து எடுத்துப்போகிற ஆள்தான் இல்லை. அது ஆராய்ச்சியில் சேராது போலிருக்கிறது, பிளம்பர் வேலையில் சேரும்.

இனி கேமராக் குழு. நல்ல பிள்ளைகள், செருப்பைத் திண்ணைக்குக் கீழேயே விட்டுவிட்டு வந்தார்கள். என் அக்கா நெய்த மயில்கழுத்துச் சேலையை எடுத்து விரித்தேன். பாவு நீலம், ஊடை பச்சை. இப்படிச் சாய்த்தால் நீலம், அப்படித் திருப்பினால் பச்சை. அந்தப் பெயரே அதனால்தான். கேமரா மேலிருந்து நேராகப் பார்த்துப் பச்சை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. தம்பி ஒருவர் லேப்டாப்பில் அந்தப் பச்சைக்கு ஓர் எண் போட்டார்.

“தம்பி, கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க, நீலமும் இருக்கு.”

“தெரியுதுங்கண்ணா. ஆனா ஒரு சேலைக்கு ஒரு கலர் போடத்தான் கட்டம் விட்டிருக்காங்க.”

கட்டம் விட்டவர் தில்லியில் இருப்பார் என்று நினைக்கிறேன். அவருக்கு ஒரு மயில்கழுத்துச் சேலை அனுப்பிவைக்க எங்கள் சங்கம் தயார். இந்த அழகில், எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவின் பெயரைச் சொல்லிக் கடைக்குக் கடை வேறு வேறு நீலமாக விற்கும் எம்.எஸ். ப்ளூவுக்கு என்ன எண் போடுவார்கள் என்று கேட்க நா எழவில்லை. சாயம் போடுகிற எங்கள் பெரியவர் நூலை அண்டாவிலிருந்து தூக்கி, பிழிந்து, வெயிலில் பிடித்துப் பார்த்து, “இன்னும் ஒரு சிட்டிகை” என்பார். அந்தச் சிட்டிகையை யாரும் படம் எடுக்கவில்லை.

ஆனால் அவர்கள் விட்டுவிட்டுப் போனதிலேயே பெரியது வேறு. சேலையின் முகத்தை அங்குலம் அங்குலமாக எடுத்தவர்கள், தறிக்கு மேலே தொங்கிய அட்டைக் கட்டை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜக்கார்டு அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், நூல் எழும்பும். துளை இல்லாவிட்டால் நூல் படுத்திருக்கும். இருக்கு, இல்லை; கணினிக்குத் தெரிந்ததும் இவ்வளவுதானே? பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டுத்தறிக்காக ஜோசப் ஜக்கார்டு இதை அமைத்தது 1804ல். 1839ல் அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு 24,000 அட்டைகள் பிடித்தன. தன் கணக்குப் பொறிக்கு இந்த அட்டை முறையை எடுத்துக்கொண்ட சார்லஸ் பாபேஜ் அந்தப் படங்களில் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். ஆக, மின்னணுப் பாரம்பரியம் என்று நீங்கள் தேடி வந்தது என் தலைக்கு மேலேயே நூலில் கோத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒட்டடை படிந்திருந்ததால் தெரியவில்லை போலும்.

ஒரு கரை வழக்கொழிந்தால் அதன் அட்டைக் கட்டு பரணுக்குப் போகும். பரணிலிருந்து எலிக்கு, எலி விட்டது பழைய பேப்பர் கடைக்கு. என் பெரியப்பா வைத்திருந்த இருதலைப்பட்சிக் கரையின் அட்டைகளை எடைக்குப் போட்டபோது, கடைக்காரர் தூக்கிப் பார்த்துவிட்டு, “பூரா ஓட்டை, எடை நிக்காது” என்று விலையைக் குறைத்தார். ஐயா, அந்த ஓட்டைதான் சரக்கு.

2025 மத்திய பட்ஜெட்டில் ஞான பாரதம் இயக்கத்தை அறிவித்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்துக் காக்கப்போவதாகச் சொன்னீர்கள். மகிழ்ச்சி. ஓலைச்சுவடியில் துளை கயிறு கோக்க மட்டும்; எங்கள் அட்டையில் துளைதான் எழுத்து. எங்களையும் சுவடியாக நினைத்துக்கொண்டால் குறைந்துவிடாது. 2023 ஆகஸ்ட் 7, கைத்தறி நாளில் நிஃப்ட் என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனம் உருவாக்கிய ஜவுளி, கைவினை மின்தொகுப்பைப் பிரதமர் தொடங்கிவைத்தார். அதற்கும் மகிழ்ச்சி. ஆனால் படத்தை வைத்துப் பாடம் நடத்தலாம், ரசிக்கலாம். அட்டையை வைத்தால்தான் நூறு வருஷம் கழித்தும் அதே கரையை அதே போல நெய்யலாம். படத்தை மட்டும் பார்த்து அவசரமாக நெய்யக் கூடியவன் விசைத்தறிக்காரன். 1985ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கைத்தறிக்கென்று 11 ரகங்கள் ஒதுக்கியிருக்கிறதே, அவன் எப்படி நெய்வான் என்று கேட்பீர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் பக்கத்துத் தெருக்களில் காதைக் கொடுத்து ஒரு நடை நடந்து பாருங்கள்.

ஒரு காலத்தில் கிருமி, பாரம்பரியம் என்ற இரண்டு துறைக்கும் ஒரே ஆள்தான் இருந்தார். அவுரி ஊறல் போட்ட சாயக்காரர். அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. தகரை விதையை வேகவைத்து ஊற்றி, சுண்ணாம்பு சேர்த்து, நாள்கணக்கில் புளிக்கவிட்டால் உள்ளே இருக்கும் பாக்டீரியாக்கள் நீலத்தைக் கரையும்படி மாற்றும். நூலை முக்கி எடுக்கும்போது மஞ்சளும் பச்சையுமாக வரும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். அவர் தாழியை முகர்ந்தே பதம் சொல்வார். அவரை உயிரித் தொழில்நுட்பம் என்ற கட்டத்தில் டிக் அடிப்பதா, பாரம்பரியம் என்ற கட்டத்தில் டிக் அடிப்பதா? 1856ல் லண்டனில் 18 வயது வில்லியம் பெர்க்கின் மலேரியா மருந்து செய்யப்போய் ஊதாச் சாயத்தைச் செய்துவிட்டு, அதைப் பட்டில்தான் ஏற்றிப் பார்த்தார். அன்றிலிருந்து சாயம் வேதியியலுக்குப் போயிற்று, தாழி அருங்காட்சியகத்துக்குப் போயிற்று.

பழைய தாழிக்கே திரும்பு என்று நான் சொல்லவில்லை. முகூர்த்தச் சீசனில் கேட்கிற அத்தனை நிறத்தையும் அவுரியும் அரக்கும் தந்துவிடாது. எனக்குப் பயம் வேறு. திருப்பூரில் நொய்யல் நாறி, ஒரத்துப்பாளையம் அணை சாயத்தேக்கமாகி, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளைப் பூட்டச் சொன்னது. அதன்பின் சொட்டுத் தண்ணீர் வெளியே விடாத சுத்திகரிப்பு நடைமுறையில் நிலைத்தது. கோடிக்கணக்கில் செலவு செய்யப் பனியன் ஏற்றுமதிப் பணம் இருந்தது. எங்கள் பட்டறை வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது. நாளைக்கு ஒருவர் வழக்குப் போட்டால் பூட்டுவதற்குக் கதவுகூடச் சரியாக இல்லை. மின்சாரம் அதிகம் கேட்காத, சின்ன, மலிவான உயிரி முறை ஒன்று உலகத்தில் எங்காவது வேண்டுமென்றால் அது இந்தப் பின்கட்டில்தான் வேண்டும். தொட்டி மட்டும் ஆய்வகத்தை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறது.

அதற்குக் காரணம் உங்கள் படிவமோ என்று சந்தேகப்படுகிறேன். கொடுத்த பணத்துக்கு ஜிஎஃப்ஆர் 12-ஏ என்கிற பயன்பாட்டுச் சான்றிதழ் வாங்குகிறீர்கள். அதில் பணம் பயன்பட்டதா என்று கேட்டிருக்கிறது. பயன் உரியவருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற வரியும் அச்சடித்தே இருக்கிறது; சேர்ந்ததா என்று எங்களிடம் வந்து யாரும் கேட்டதில்லை. கையெழுத்து விழுந்தால் பயன்பட்டது என்று அர்த்தமாம். எங்கள் வீட்டில் இந்தச் சட்டம் செல்லாது; என் மனைவி சாமானையும் பார்ப்பாள்.

நிதியைக் குறையுங்கள் என்று கேட்பதாக நினைத்துவிட வேண்டாம். 2020-21 கணக்குப்படி நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம்தான் ஆராய்ச்சிக்குப் போயிற்று. அது ரொம்பவும் கொஞ்சம். கூட்டுங்கள். பட்டு நூலுக்கும் சேலைக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி கட்டுகிற வகையில் நாங்களும் அதில் பங்காளிகள். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, மாதம் 5,000 ரூபாய்க்குள் வாழ்ந்தன. இப்படிப்பட்ட புரவலர்கள் உங்களுக்கு வேறெங்கும் கிடைக்கமாட்டார்கள்.

ஆகவே கேட்டுக்கொள்வது. நிறம் போக்கும் குழுவுக்கும் நிறம் காக்கும் குழுவுக்கும் சேர்த்து ஒரு டீச்செலவுக்கு அனுமதி வழங்க வேண்டும். எந்தச் சாயம், எத்தனை சிட்டிகை என்று பின்னவர் எழுதிவைத்தால், சாக்கடையில் என்ன வரும் என்று முன்னவருக்குத் தோண்டாமலே தெரியும். தெருவில் ஒரு தொட்டியாவது கட்டி, ஒரு முழு முகூர்த்தச் சீசன் ஓட்டிப் பார்க்க வேண்டும். நிறத்தோடு அமீனையும் அளக்க வேண்டும். மோட்டார் எரிந்தால் யார் சரிசெய்வது என்பதைத் திட்டத்திலேயே எழுத வேண்டும். பழைய பேப்பர் கடைக்கு முன்னால் பரணுக்கு ஆள் அனுப்பி அட்டைகளை ஸ்கேன் செய்து, அந்தக் கோப்பை முதலில் எங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தர வேண்டும். முடிவு எதுவானாலும், தோற்றுப்போன முடிவானாலும், தமிழில் ஒரு பக்கம் எழுதிச் சங்கச் சுவரில் ஒட்ட வேண்டும். பசை நாங்கள் தருகிறோம். எங்களிடம் கால் கிலோ எப்போதும் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாதிரி எண் ஏ-14 (தண்ணீர்),
மாதிரி எண் எஸ்-07 (சேலை).

இணைப்பு:
ஜக்கார்டு அட்டை ஒன்று (நடுவில் எடுத்தது, பார்த்துவிட்டு உடனே திருப்பி அனுப்பவும், தறி நிற்கிறது).
சாயத்தண்ணீர் ஒரு பாட்டில் (மூடி லேசாகக் கசியும், கோப்புகளின் மேல் வைக்க வேண்டாம்).