சுத்தியல் யோகம்

இங்கிலாந்து மண்ணில் ரோமானியர்கள் விட்டுப் போனதைவிட பீர் குடித்தவர்கள் விட்டுப் போனதுதான் அதிகம். மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கிய யாரைக் கேட்டாலும் சத்தியம் செய்வார்கள். ஓப்பனர் இல்லாமலே டின்னைத் திறக்க வழி கண்டு 1963-ல் காப்புரிமை வாங்கினார் எர்மல் ஃப்ரேஸ் என்ற அமெரிக்கர். அந்தப் புண்ணியவானின் வழிவந்த அலுமினிய வளையங்கள், குடித்தவர் வீசிய இடத்திலேயே இன்றும் பத்திரமாகக் கிடக்கின்றன. அலுமினியம் துருப்பிடிக்காது. குனிந்து தோண்டும் என் முதுகுக்குத்தான் வயதாகிறது.

என் மிஷினில் 0 முதல் 99 வரை எண் வரும். கீழே உள்ள கம்பிச்சுருள் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் கிளம்பி, தன் பங்குக்கு ஒரு புலத்தைத் திருப்பி அனுப்பும். அது எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதைப் பார்த்து மிஷின் ஒரு எண் போடும். இரும்புக்கு அடிமட்டம். வெள்ளிக்கும் செம்புக்கும் மேல்மட்டம். நடுவில் தங்க மோதிரம், சாக்லேட் சுற்றிய தாள், டின் வளையம் மூன்றும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். மிஷினுக்குத் தெரிந்ததெல்லாம் பொருளின் கடத்துதிறனும் அளவும் வடிவமும்தான், விலை தெரியாது.

வேண்டாத எண்களை அடைத்து வைக்கலாம். டிஸ்கிரிமினேஷன் என்பது அதுதான். அடைத்த எண் தட்டுப்பட்டால் மிஷின் வாய் திறக்காது. ஆணிகளை அடைத்தால் காதுக்கு நிம்மதி. ஆனால் ஆணிக்குப் பக்கத்தில் வெள்ளிக்காசு கிடந்தால் அதன் குரலும் சேர்ந்து அமுங்கிப்போகும். வளையத்தை அடைத்தாலோ மோதிரமும் போச்சு. அதனால் தங்கம் வேண்டுமென்பவன் வளையம் பொறுக்கியே தீரவேண்டும். எந்தக் கடைக்காரரும் இதை விற்பதற்கு முன்னால் சொல்வதில்லை.

கும்பகோணத்திலிருந்து வந்திருந்த மாமனாரை ஒருநாள் வயலுக்கு அழைத்துப் போனேன். வங்கி ஒன்றில் நகை மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உரைகல்லில் ஒரு தேய்ப்பு, அமிலம் ஒரு சொட்டு, மாற்றைச் சொல்லிவிடுவார். கல்யாண மேடையில் என் கையிலிருந்த மோதிரத்தையே ஓரக்கண்ணால் மதிப்பிட்டவர். குரங்குக் குல்லாயோடு மடக்கு நாற்காலியில் வரப்போரமாக உட்கார்ந்தார்.

மிஷின் கூவியது. நடுத்தர எண்.

"என்ன சொல்லுது மாப்பிள்ளை?"

"தங்கமா இருக்கலாம் மாமா. இல்லேன்னா டின் வளையம்."

"இது ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாததுக்கா இவ்வளவு விலை கொடுத்தீங்க?"

தோண்டினேன். வளையம். மிஷின் மானத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இங்கே நிறைய மோதிரங்கள் 9 காரட், ஆயிரத்தில் 375 பங்குதான் தங்கம், மற்ற உலோகம் கலக்கக் கலக்கக் கடத்துதிறன் குறையும், கனமான உயர்ந்த தங்கமாக இருந்தால் எண் கொஞ்சம் ஏறும் என்று விளக்கினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படிச் சொல்லுங்க! 916 எங்க, 375 எங்க? மிஷின் மேல தப்பே இல்ல. நானா இருந்தாலும் அதை டின்னோடதான் வெச்சிருப்பேன்."

அன்றிலிருந்து அவர் மிஷின் கட்சி.

மிஷினைத் திட்டத் தோன்றினால் நான் கிரகாம் பெல்லை நினைத்துக்கொள்வேன். 1881-ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, உடம்புக்குள் இருந்த குண்டைத் தேட பெல் ஒரு கருவியோடு வந்தார். மெத்தையின் எஃகு ஸ்பிரிங்குகள் சத்தத்தைக் குழப்பின. அதை அடைக்க பட்டன் ஏது? போதாததற்கு, குண்டு வலப்பக்கம்தான் என்று நம்பிய டாக்டர் அங்கே மட்டும் தேடவிட்டார். குண்டு இடப்பக்கம் இருந்தது. அந்த வைத்தியத்தில் டிஸ்கிரிமினேஷன் இருந்தது டாக்டரிடம்தான். செப்டம்பரில் அதிபர் இறந்துபோனார்.

மாமனாருக்குப் பெல் கதை பிடிக்கவில்லை. ஹாக்ஸன் கதை பிடித்தது. 1992 நவம்பரில் சஃபோக் பக்கம் அந்தக் கிராமத்தில் ஒரு விவசாயி சுத்தியலைத் தொலைத்துவிட்டார். நண்பர் எரிக் லாஸ் டிடெக்டரோடு தேடப் போனார். கிடைத்தது ஏறக்குறைய 15,000 ரோமானியக் காசுகள், கூடவே தங்க நகைகள், வெள்ளிச் சாமான்கள். மேலே தோண்டாமல் ஒழுங்காகத் தகவல் கொடுத்ததால் தொல்லியலாளர்கள் வந்து முறைப்படி எடுத்தார்கள். பரிசு 17.5 லட்சம் பவுண்டு. அதில் விவசாயிக்கும் பங்கு. சுத்தியலும் பின்னால் அகப்பட்டு, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இரும்பை அடைத்துவிட்டுத் தங்கம் தேடும் என் பையில் வளையம். இரும்பைத் தேடிப் போனவருக்குப் புதையல்.

"அப்போ நம்ம வயல்காரர்கிட்ட ஏதாவது தொலைஞ்சிருக்கான்னு கேளுங்க மாப்பிள்ளை."

கேட்டேன். அந்த மனிதர் நெடுநேரம் யோசித்து, தான் எதையும் தொலைப்பதில்லை என்றார். அப்படியொரு துப்புரவான ஆளின் வயலில் போய் மாட்டியிருக்கிறேன்.

ராத்திரி ரசத்தைக் குடித்துக்கொண்டே மாமனார் கேட்டார்: "வீட்டுல இருக்கிற நம்ம சுத்தியலை அங்க போய்த் தொலைச்சிட்டு வந்தா என்ன?"

வயலில் எது கிடைத்தாலும் நிலக்காரருக்குப் பாதி என்று எழுதிக் கொடுத்திருப்பதைச் சொன்னேன்.

டம்ளரைக் கீழே வைத்தார்.

"சுத்தியல்லயுமா?"