வித்தியாசம் தெரியுதா சார்?

எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் ஹெட்ஃபோன் வரும். அவரே தலையில் மாட்டிவிடுவார். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஓடும். 1986இல் வந்த அந்த ஆல்பத்தை அந்த வீட்டில் யாரும் முழுதாகக் கேட்டதாகத் தகவல் இல்லை. வயலின் ஏறி இறங்குகிற ஒரு துண்டு, அவ்வளவுதான். நிறுத்துவார். ஹெட்ஃபோனைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவார். மறுபடியும் அதே துண்டு. பிறகு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்பார்: “வித்தியாசம் தெரியுதா சார்?”

தெரியவில்லை என்றால் திரும்பவும் போடுவார். தெரிகிறது என்றால் அதைவிட ஆபத்து. “என்ன வித்தியாசம்?” என்று வாய்மொழித் தேர்வு ஆரம்பமாகிவிடும். அனுபவசாலிகள் இதற்கென்றே ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறோம்: “முன்னாடி கொஞ்சம் மூடின மாதிரி இருந்தது, இப்போ திறந்துக்கிச்சு.” எந்த ஹெட்ஃபோனுக்கும் பொருந்தும். அவரும் நெகிழ்ந்துபோய், “பஞ்சை எடுத்துட்டேன்ல, அதான்” என்பார். இரண்டாவது முறை போடும்போது அவர் கை வால்யூம் குமிழை ஒரு நூல் கூட்டிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கே தெரியாமல்தான் செய்கிறார் என்று நம்புகிறேன். கொஞ்சம் சத்தமாகக் கேட்டால் எதுவும் கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கும். எங்கள் தெருக் கோயில் ஒலிபெருக்கிக்காரருக்குக்கூட இது தெரியும்.

இவரிடம் இருப்பது சாதாரண ஹெட்ஃபோன் அல்ல, பிளேனர். “மத்ததுல கூம்பு, அதுக்குப் பின்னாடி காயில். இதுல மெல்லிசா ஒரு ஃபிலிம் சார், தலைமுடியைவிட மெல்லிசு. கம்பியே அது மேல கோடு கோடா ஓடும். பக்கத்துல வரிசையா காந்தம். முழுப் பரப்பும் ஒரே நேரத்துல அசையும்.” 1976இலேயே யமஹா ஹெச்பி-1 என்று ஒன்றைக் கொண்டுவந்ததையும், அதை வடிவமைத்தவர் இத்தாலியின் மாரியோ பெல்லினி என்பதையும் சொல்லாமல் விடமாட்டார். அவ்வளவு பேர் மெனக்கெட்டுச் செய்த பொருளை வாங்கி வந்த வாரமே திருப்புளியை எடுத்துவிடுகிறார் என்பதுதான் விஷயம்.

திறப்பதற்கென்றே பிறந்தது ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்பி என்கிற பிளேனர். ஸ்டுடியோவில் வேலை செய்கிறவர்களுக்காக ஜப்பான்காரர்கள் செய்தது. நம்மவர் ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்தித்தாள் மேல் பரப்பிவைப்பார். காதுமெத்தையைப் பிடுங்கி, திருகுகளைக் கழற்றி, கிண்ணத்தைத் திறந்தால் உள்ளே வெறும் பிளாஸ்டிக் குழி. “பாருங்க, எதிரொலிக்காம என்ன பண்ணும்?” குழிக்குள் பஞ்சு. டிரைவரைச் சுற்றியுள்ள பொந்துகளில் பையன் பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய களிமண். காற்றுத் துவாரங்கள் மேல் மருந்துக்கடை மைக்ரோபோர் டேப். பாதி ஒட்டினால் பேஸ் ஒரு மாதிரி, முழுக்க ஒட்டினால் வேறு மாதிரி. இந்த இடத்தில் மட்டும் அவர் மூச்சு விடமாட்டார். காந்தம் திருப்புளியை வெடுக்கென்று இழுக்கும். நுனி ஃபிலிமில் பட்டால் கதை முடிந்தது. அந்த விரல்களின் பொறுமையைப் பார்த்தால் ஆள் மேல் மரியாதை வரும். அதைக் கெடுப்பதற்கென்றே மூடி போட்டதும் கேட்பார்: “வித்தியாசம் தெரியுதா?”

அடுத்தது ‘பர்ன்-இன்’. புது தோசைக்கல்லைப் பழக்குவதுபோல ஹெட்ஃபோனையும் பழக்க வேண்டுமாம். 150 மணி நேரம். பிங்க் நாய்ஸ் என்கிற இரைச்சலை அதில் ஓடவிட்டு, துண்டில் சுற்றி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். ஒருநாள் இரவு அவருடைய மாமியார் பாத்ரூம் போக எழுந்தவர், இருட்டில் ‘உஸ்ஸ்’ என்ற சத்தம் கேட்டு, கேஸ்தான் கசிகிறது என்று சிலிண்டரை மூடி, ஜன்னல்களையெல்லாம் திறந்து, வீட்டையே எழுப்பிவிட்டார். மாப்பிள்ளை பீரோவைத் திறந்து காட்டினார். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

150 மணி நேரத்தில் என்ன மாறும்? மாட்டிக்கொண்டு கேட்டால் காதுமெத்தை இளகிக் கன்னத்தோடு படியும், பேஸ் ஒழுகாமல் நிற்கும். கேட்கிற மூளைக்கும் அந்தச் சத்தம் பழகிப்போகும். இதுவே பெரும்பகுதி. பீரோவுக்குள் கன்னமும் இல்லை, மூளையும் இல்லை. இதைச் சொன்னேன். “அதெல்லாம் மெஷர்மென்ட் பேச்சு சார், காதுதான் சாட்சி” என்றார். சாட்சிக்கு ஐம்பத்தாறு வயது. அந்த வயதில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் விழாது. அதெல்லாம் கேட்கிற வயதில் இருக்கும் பையன், ஒரு பக்கம் கரகரக்கும் புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு குளிக்கிறான்.

இதுவரை சிரித்துவிடலாம். ஒரு விஷயம் மட்டும் எனக்குச் சிரிப்பாக இல்லை. அவரிடம் ஹைஃபைமேன் ஹெட்ஃபோன் ஒன்று இருக்கிறது. முதுகுப்பக்கம் வெறும் கம்பிவலைதான். அந்த வகையில் உள்ளே ஓடுவது வெளியே கேட்கும், வெளியே நடப்பது உள்ளே கேட்கும். காதைத் திறந்து வைத்த மாதிரி இருக்கும் என்பதுதான் அதன் பெருமையே. அவரே எனக்கு விளக்கியிருக்கிறார். அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை அடுத்த அறையிலிருந்து மனைவி நாலு முறை கூப்பிடுகிறார். காய்ச்சலில் படுத்திருக்கிற அம்மா தண்ணீர் கேட்கிறார். பிறகு கேட்டால், “ஹெட்ஃபோன் போட்டிருந்தேன், காதுல விழலை” என்கிறார். வயலின்காரர் வில்லை எடுக்கும் சத்தம் விழுகிறது, நாற்காலி நகர்ந்தது விழுகிறது, பெற்ற தாயின் குரல் விழவில்லையாம். அதை நான் நம்பமாட்டேன்.

ஆனாலும் போன மாதம் என் மகளின் ஹெட்செட்டில் ஒரு பக்கம் செத்துப்போனபோது இரவு பதினொரு மணிக்கு சால்டரிங் அயர்னைச் சூடாக்கியவர் அவர்தான். மறுநாள் அவளுக்குப் பரீட்சை, ஆன்லைனில். காசு பேச்சையே எடுக்கவில்லை. முடித்துவிட்டு வழக்கம்போல அவளிடமும் கேட்டார். அவள், “தெரியுது அங்கிள், ரெண்டு பக்கமும் கேக்குது” என்றாள். இவ்வளவு காலத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே உண்மையான பதில் அதுதான். மனிதர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது இரண்டாவதாக ஒரு டி50ஆர்பி வாங்கியிருக்கிறார். அதே மாடல். “ஒப்பிட்டுப் பார்க்க ஒண்ணாவது கை படாம இருக்கணும் இல்லையா?” நியாயம்தான் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை போனபோது அது செய்தித்தாள் மேல் திறந்து கிடந்தது.

“இதுல பஞ்சுக்குப் பதிலா ஃபெல்ட் வச்சா எப்படி இருக்கும்னு...”

“அப்போ ஒப்பிட்டுப் பார்க்க?”

சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மூணாவது ஆர்டர் போட்டிருக்கேன். உங்க வீட்டு அட்ரஸ்தான் கொடுத்திருக்கேன் சார்.”