இந்தத் தடவை என்ன கட்டிங், சார்?

நான் யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. மூன்றாவது மாடி, வடக்குப் பார்த்த வாசல் என்று யாராவது ஊகித்தால் அது அவரவர் பொறுப்பு. எங்கள் குடியிருப்பில் மட்டுமா, உங்கள் குடியிருப்பிலும் இவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற அதிகாரி. மகன் ஆசைப்பட்டு வாங்கி, வேலை கிடைத்ததும் அப்பா கையில் கொடுத்துவிட்டு டொராண்டோவுக்குப் பறந்துவிட்ட ஒரு டாய் பூடில். அதற்கு லட்டு என்று பெயர். இல்லாவிட்டால் குக்கி, கோகோ, பர்ஃபி. தின்பண்டமாக இருந்தால் சரி. வழியில் எவர் எதிர்ப்பட்டாலும் அவரிடம் கேட்க ஒரே கேள்வி.

"இந்தத் தடவை என்ன கட்டிங் போடலாம், சார்?"

நீங்கள் நின்றுவிட்டால் போச்சு. கைபேசியில் லட்டுவுக்கென்று தனி ஆல்பம் இருக்கிறது. அதில் இருப்பது லட்டு இல்லை. ஜப்பானிலும் கொரியாவிலும் யாரோ வளர்க்கிற, யாரோ மணிக்கணக்கில் ட்ரையர் போட்டுச் சீவி, வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடித்த நாய்கள். "இது டெடி பேர் சார். தலை, மூஞ்சி எல்லாம் ரவுண்டு. இது லாம்ப் கட். உடம்புல ஒட்ட, கால்ல மட்டும் புசுபுசுன்னு. இந்தக் காதைப் பாருங்க, தாடையோட லெவல்ல நிறுத்தியிருக்கான். நம்ம லட்டுவுக்கு இது செட் ஆகுமா, இல்ல கரடிக் காது மாதிரி குட்டையா விட்டுடலாமா?"

நாம் மரியாதைக்கு ஒன்றைத் தொட்டுக் காட்டுவோம். டெடி பேர் என்றால், "எல்லாரும் அதைத்தானே போடறாங்க." லாம்ப் என்றால், "கால்ல முடி விட்டா மழைக்காலத்துல சேறு அப்பிடுமே." ஒரேயடியாக ஒட்ட வெட்டிவிடுங்கள், வெயில் காலம்தானே என்றால் முகம் கறுத்துவிடும். "அப்புறம் பூடில்னு எப்படிச் சார் தெரியும்?" இந்தப் பதில்கள் எல்லாம் அவருக்கு முன்பே மனப்பாடம். நான் சொல்லி, வாட்ச்மேன் சொல்லி, பால் போடுகிற பையன் சொல்லி, எல்லார் யோசனையையும் கேட்டு நிராகரித்த பிறகுதான் அவருக்கு அன்றைய நடை முடியும். லட்டு அதற்குள் தூணோரம் இரண்டு முறை காலைத் தூக்கிவிட்டுச் சலித்துப்போய் உட்கார்ந்திருக்கும்.

இடம், காலம் எதுவும் இந்தக் கேள்விக்குத் தடையில்லை. சங்கப் பொதுக்கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் செலவு பற்றிப் பேச்சு நடக்கும்போது பின்வரிசையில் படங்கள் கைமாறும். கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கும் மோருக்கும் நடுவில் வால் நுனியில் பந்து வைக்கலாமா என்று கேட்பார். இரண்டாம் பிளாக்கில் ஒரு துக்க வீடு. துக்கம் கேட்டுவிட்டு வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் நின்றவர் குரலைத் தாழ்த்தி, "வெள்ளிக்கிழமை அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கேன். மீசை விடலாமா வேணாமா?" என்றார். யாருக்கு மீசை என்று புரிய எனக்கு ஒரு கணம் ஆனது.

இத்தனைக்கும் இவர் தன் தலையைப் பற்றி வாழ்நாளில் யோசித்தவர் இல்லை. அதே சலூன், அதே நாற்காலி, "மீடியம்" என்று ஒரு சொல், முடிந்தது. மகனுக்கு அந்த ஒரு சொல்லும் வாய்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சலூனுக்கு இழுத்துப் போய் நாற்காலிக் கைமேல் பலகை போட்டு உட்கார வைத்து, "ஒட்ட வெட்டிடுப்பா, ரெண்டு மாசத்துக்கு வரக்கூடாது" என்பதுதான் தகப்பனின் அழகுணர்ச்சி. வீடியோ அழைப்பில் அந்த மகனிடமும் கருத்துக் கேட்டிருக்கிறார். "எனக்குப் பத்தாவது வரைக்கும் போலீஸ் கட்டிங், லட்டுவுக்கு மட்டும் கொரியன் ஸ்டைலாப்பா?" என்று அவன் கேட்டானாம். இதை அவரே என்னிடம் சொல்லி, அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்று புரியாமல் விழித்தார்.

படம் காட்டி ஓய்ந்தால் வரலாறு தொடங்கும். பூடிலை எல்லாரும் பிரான்ஸ் நாய் என்று நினைக்கிறார்கள், அதன் பூர்வீகம் ஜெர்மனி. வேட்டையில் விழும் வாத்தைத் தண்ணீரில் நீந்திப் போய்க் கவ்விவரும் நாய். பின்பக்கம் மழித்து, மார்பிலும் மூட்டுகளிலும் மட்டும் முடிவிடுகிற அந்தச் சிங்க வெட்டுகூட அலங்காரத்துக்கு வந்ததில்லை, நீந்த இலகுவாக இருக்கவும் குளிர் தாக்காமல் இருக்கவும் வந்தது. எல்லாம் சரிதான். நியூயார்க் வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சியில் 2020இல் சிபா என்கிற பெரிய பூடிலும் 2024இல் சேஜ் என்கிற மினியேச்சர் பூடிலும் முதல் பரிசு வாங்கியதை, பெண்வீட்டு உறவில் இருவர் ஐ.ஏ.எஸ். தேறியதைச் சொல்கிற தோரணையில் சொல்வார். வீரம் பற்றிப் பேச்சு வந்தால் ஜான் சூட்டர். அமெரிக்கர். 1988இல் அலாஸ்காவின் இடிடராட் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்துக்குப் பூடில்களைப் பூட்டிக்கொண்டு போனவர். "பூடிலை பொம்மைங்கறாங்களே, ஆயிரம் மைல் சார், பனியில!"

அந்தக் கதையின் பின்பாதியை அவர் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன். பின்னர் ஒரு பந்தயத்தில் அந்த நாய்களின் முடி சிக்கலாகி, பாதங்களில் பனி உறைந்து, பாதி வழியிலேயே சிலவற்றை இறக்கிவிட வேண்டியதாயிற்று. அதன்பிறகு வடதேச இன நாய்கள் மட்டுமே ஓடலாம் என்று விதி மாறியது. அலாஸ்காப் பனியில் ஓட்டியவரை அங்கே கவிழ்த்தது முடி. நம் மூன்றாவது... நம் நண்பருக்கு அலாஸ்கா வேண்டாம், பெசன்ட் நகர் போதும். ஞாயிறு மாலை கடலலையில் லட்டுவை விட்டு, உப்புத் தண்ணீரும் மணலுமாகத் தூக்கிவந்து, குழாயில் ஒரு கழுவு கழுவி, மின்விசிறிக்குக் கீழே விட்டுவிடுவார். சுருள் முடிக்கு இதைவிடக் கெடுதல் செய்ய வேண்டுமென்றால் தனியாக யோசிக்க வேண்டும்.

ஏனென்றால் பூடில் முடி கொட்டாது என்று விற்பவன் சொல்வது பாதி உண்மை. கொட்டும். ஆனால் சோபாவில் விழாது. பக்கத்துச் சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். மாட்டியது மாட்டியபடி ஈரமானால் இறுகும், காய்ந்தால் இன்னும் இறுகும். காதுக்குப் பின்னால், அக்குளில், பெல்ட் உரசுகிற இடத்தில், தொடை இடுக்கில் சடை பிடிக்கத் தொடங்கும். ஏறக்குறைய ஒன்பது மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் நடுவில் குட்டிமுடி போய்ப் பெரியமுடி வரும் பருவத்தில் ஒருநாள் விட்டாலும் சிக்குதான். அதனால்தான் குளிப்பாட்டுவதற்கு முன்னால் சிக்கெடுக்க வேண்டும், பின்னால் இல்லை. முடியைக் கையால் வகிர்ந்து, தோல் தெரிகிறபடி, வரிசை வரிசையாகக் கம்பிப் பிரஷ் போட்டு, பிறகு ஸ்டீல் சீப்பை அடியிலிருந்து நுனிவரை இழுத்துப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் வந்தால் சீவியாயிற்று. நம்மூர்ச் சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் ராஜபாளையத்துக்கும் இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. துண்டால் துடைத்துவிட்டால் தீர்ந்தது. அவற்றை ஏன் வளர்க்கவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "அதுக்கு என்ன சார் கட்டிங் போடறது?" என்றார்.

சீவுவதில்லையா என்று கேட்டால் கோபம் வரும். "டெய்லி சீவறோம் சார்!" சீவுகிறார், நானே பார்த்திருக்கிறேன். பால்கனியில் லட்டுவை மடியில் வைத்துக்கொண்டு, கைபேசியில் செய்தி கேட்டுக்கொண்டு, மேலாக நாலு இழுப்பு. மேலே பஞ்சு மாதிரி எழும்பி நிற்கும். விரலை உள்ளே விட்டால் ஓர் அங்குலத்துக்குக் கீழே கம்பளி விரித்திருக்கும்.

குரூமர் தம்பி விரலை விட்டதும் நிறுத்திவிடுவான். அவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம், பொறுமை அறுபது வயதுக்கு உரியது. எதிரே கொரியப் படம் நீட்டப்பட்டிருக்கும்.

"சார், உள்ள சடை புடிச்சிருக்கு சார். இந்த லென்த் நிக்காது. ஒட்ட எடுக்கணும்."

"சிக்கை மட்டும் எடுத்துட்டு மிச்சத்தை விட்டுடுப்பா."

"இழுத்து எடுத்தா பாவம் சார், வலிக்கும்."

"நம்பரை ஏத்திப் போடேன். பத்துல வெட்டு."

சலூன் மெஷினில் சீப்பு நம்பர் ஏற ஏற முடி நீளமாக மிஞ்சும். நாய் மெஷின் பிளேடு நேர்மாறு. ஏற ஏறக் குறையும். நாலாம் நம்பரில் ஒன்பது மில்லிமீட்டர் போல மிஞ்சும், பத்தாம் நம்பரில் ஒன்றரை. பத்து கேட்பவர் மொட்டையைத்தான் கேட்கிறார். தம்பி இதை எத்தனை தடவைதான் விளக்குவான்? விளக்கி, படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சடைக்கும் தோலுக்கும் நடுவில் பிளேடு நுழைகிற அளவுக்கு வெட்டி அனுப்புவான். இரண்டாயிரம் ரூபாய் வரை பில்.

பிறகு ஒரு வாரம் குடியிருப்பே துக்கம் காக்க வேண்டும். லட்டு பாதியாகிவிடும். குழந்தைகள் "அங்கிள், புது நாயா?" என்று கேட்கும். கேட்கிற எல்லாரிடமும் அவர் வெட்டுவதற்கு முன் எடுத்த படத்தையும் வெட்டிய பின் எடுத்த படத்தையும் காட்டி, "கெடுத்துட்டான் சார். ஃபோட்டோ காட்டியும் கெடுத்துட்டான்" என்பார். ஒற்றை நட்சத்திரம் போட்டு நாலு பத்தி எழுதுவார். அடுத்த முறை வேறு கடை, வேறு தம்பி, அதே கொரிய நாய்.

இங்கே எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. சடை பிடித்த முடி சும்மா தொங்குவதில்லை. நாய் நடக்கும்போதெல்லாம் அக்குளில் தோலை இழுக்கிறது. அடியில் காற்றுப் படுவதில்லை. சென்னைப் புழுக்கத்தில் ஈரம் தங்கித் தோல் சிவந்து புண்ணாகிறது. காதில் பிடித்த சடையை வெட்டி எடுத்ததும், திடீரென்று இலகுவான காதை நாய் ஓயாமல் உதறும். உதறி உதறி ரத்தம் கட்டிக் காது வீங்கி மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. மாதக்கணக்கில் வீட்டில் வளர்ந்த சிக்குக்கு ஒருமணி நேரம் கையில் வைத்திருந்தவன் எப்படிப் பொறுப்பாவான்? அந்தத் தம்பி கெடுக்கவில்லை. தோல் கிழியாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறான். அவனுக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது அநியாயம். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாததால் அச்சில் சொல்கிறேன்.

ஆனால் அவரை முழுக்கக் கெட்டவராக்கவும் மனம் வரவில்லை. குரூமிங் கடைகளில், வளர்ப்பவர் கண்ணில் பட்டால் நாய் துள்ளும், கத்தரி பட்டுவிடும் என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். மற்றவர்கள் காபி குடிக்கப் போவார்கள். இவர் எதிர்ப் பிளாட்பாரத்தில் மின்கம்பத்துக்குப் பின்னால் வெயிலில் இரண்டு மணிநேரம் நிற்கிறார். ட்ரையர் சத்தத்துக்கு லட்டு நடுங்குகிறதா என்று கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும், லட்டு அவரைப் பார்த்துவிடவும் கூடாது. பேருந்து குறுக்கே வந்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கிறார். தன் மகனுக்கு முடிவெட்டும்போது செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாத மனிதர். அந்த இரண்டு மணிநேரத்தில் ஒரு பங்கைத் தினமும் சீப்புக்குக் கொடுத்தால் எந்த வெட்டையும் போட்டுக்கொள்ளலாம் என்று அவரிடம் யார் சொல்வது?

நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்து உங்களிடம்தான் வரப்போகிறார். டெடி பேர், லாம்ப் எதையும் சொல்லிவிடாதீர்கள். வீட்டிலிருந்து ஸ்டீல் சீப்பை எடுத்துவரச் சொல்லுங்கள். காதுக்குப் பின்னால் தோல்வரை அது போனால், ஆல்பத்தில் இருக்கிற எந்தப் படத்தை வேண்டுமானாலும் அவர் காட்டட்டும். போகாவிட்டால் ஒட்ட வெட்டச் சொல்லுங்கள், வெட்டிய பையனைத் திட்டாமல் இருக்கச் சொல்லுங்கள். பூடிலுக்கு முடி வளர்வது நிற்பதே இல்லை. ஆறேழு வாரத்தில் அடுத்த கட்டிங் பற்றிக் கேட்க வந்துவிடுவார்.