பிரவுசர் வைத்தியர்

மார்ச் முதல் தேதி நெருங்க நெருங்க, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒருவருக்கு மவுசு கூடும். ஊழியர்களின் சம்பள விவரத்தை, அதாவது ஐஆர்8ஏவை, முதலாளிகள் வரித்துறைக்கு அனுப்பியாக வேண்டிய கடைசி நாள் அது. நம்மவர் பகலில் எங்கோ கணக்கர். மாலையில் “கொஞ்சம் எட்டிப் பாத்துட்டுப் போங்க தம்பி” என்று டன்லப் ஸ்திரீட்டிலிருந்தோ கேம்பல் லேனிலிருந்தோ அழைப்பு வரும். தே தாரிக் மேசைக்கு வருமுன் மருந்து வந்துவிடும்: “குரோம்லயா திறந்தீங்க? எட்ஜ்ல போட்டுப் பாருங்கண்ணே.” எட்ஜில் திறந்திருந்தால் மருந்தின் பெயர் குரோம். இரண்டும் கைவிட்டால் குக்கீயை அழிக்கச் சொல்வார், பாப்-அப்பைத் திறந்துவிடச் சொல்வார். எந்த நோய்க்கும் இதே சூரணம்தான்.

சிரிப்பு வரும்தான். ஆனால் அந்த மருந்துக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. சிங்கப்பூரில் வருமான வரியை இணையத்தில் தாக்கல் செய்யும் வசதி 1998இல் வந்தது. அந்தக் காலத்தில் உலகெங்கும் எத்தனையோ தளங்கள் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை மட்டுமே நம்பிக் கட்டப்பட்டன. ஜாவா போன்ற பழைய செருகிகளை 2015இல் குரோம் கைகழுவியது. எக்ஸ்புளோரரையே 2022 ஜூன் 15இல் மைக்ரோசாஃப்ட் ஓய்வுக்கு அனுப்பியது. இன்றும் சிலவகை அடோபி படிவங்களைப் பிரவுசருக்குள் திறந்தால் ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்ற வாசகம் மட்டும் தெரியும். மரியாதை தெரிந்த கடைக்காரர் மதியம் முழுக்கக் காத்திருப்பார். கோப்பை இறக்கி அடோபி ரீடரில் திறந்தால் படிவம் கண்முன் நிற்கும். இங்கே வைத்தியர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

மற்ற இடங்களில் குற்றவாளி பெரும்பாலும் பிரவுசர் அல்ல என்பது அவருக்கே தெரியும். அவருடைய திறமையும் அங்கேதான் இருக்கிறது. முதலாளி ஊழியர் பட்டியலை எக்செலில் தட்டி, சேமித்து, மூடியிருப்பார். சைனாடவுன் முகவரியின் அஞ்சல் குறியீடு 05 என்று தொடங்கும். முன்னால் நிற்கும் பூஜ்யத்தை எக்செல் விழுங்கிவிடும், ஆறு இலக்கம் ஐந்தாகும், வரி மென்பொருள் கோப்பை ஏற்காது. அறுபது வயது முதலாளியிடம், வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, “நீங்கதான் கெடுத்தீங்க” என்று யார் சொல்வது? வைத்தியர் எட்ஜைத் திறக்கிறார், சத்தமில்லாமல் பூஜ்யத்தை வைக்கிறார், கோப்பை ஏற்றுகிறார். “பாத்தீங்களா, எல்லாம் குரோம் பண்ற வேலை!” பழி சுமக்கவும், பழிச்சொல் கேட்டுக் கோபிக்காமல் இருக்கவும், குரோமைவிடத் தோதான ஆள் கிடைக்காது.

பொய்யான காரணம் சொன்னால் அடுத்த ஆண்டும் இதே கோளாறு வராதா என்று கேட்கலாம். வராது. எழுந்திருக்குமுன் எக்செலில் அந்த அஞ்சல் குறியீட்டுப் பத்தியை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் வருவார். வரிக்கணக்குதான் இப்போது தானாகவே நிரம்பிவிடுகிறதே, இவர் எதற்கு என்பார்கள் சிலர். 2007 முதல் பலருக்குப் படிவம் தாக்கல் செய்யும் வேலையே இல்லை என்பது மெய்தான். ஆனால் ஊழியரின் படிவம் முன்கூட்டியே நிரம்பியிருக்க, முதலாளி கோப்பு அனுப்பியிருக்க வேண்டுமே! அந்தச் சௌகரியத்தின் ஒரு பகுதி மளிகைக்கடையின் பின்கட்டில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில்தான் தயாராகிறது. போதாக்குறைக்குப் பொருள், சேவை வரிப் படிவம் வேறு; ஜனவரி முதல் மார்ச் வரைக்குமான கணக்கை ஏப்ரல் முடிவதற்குள் கொடுத்தாக வேண்டும். வைத்தியரின் போன் மறுபடி அடிக்கும். போன தடவை எட்ஜில் ஏற்றியாயிற்று, குரோமைத் திட்டியாயிற்று. இந்தத் தடவை ஃபயர்ஃபாக்ஸ் மாட்டும்.