கந்தளாய்க் குளக்கட்டில் பழைய கூட்டாளி: ஓர் ஆராய்ச்சி

திருகோணமலை பற்றிய ஆய்வுகள் இயற்கைத் துறைமுகத்தையும் கோணேசர் கோயிலையும் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளையும் விட்டு நகர்வதில்லை. நடுவயது தாண்டிய இருவர் வருடத்துக்கு ஒருதடவை பட்டினத்திலிருந்து சுமார் 40 கிலோமீற்றர் போய், கந்தளாய்க் குளத்தங்கரை விடுதியில் தங்கிச் சண்டை பிடித்துவிட்டுத் திரும்புவதைப் பற்றி அறிஞர் எவரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. அக்குறையைத் தீர்ப்பதே எமது நோக்கம்.

எமது கருதுகோள் இது: இப்பயணத்தை ஓய்வு என்பது பிழை. தீர்ப்பு வராத பழைய வழக்குகளுக்கான வருடாந்தத் தவணை அது.

நாள் குறிப்பது பூரணைப் போயாவை ஒட்டியே. போயா வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் மூன்று நாள் விடுமுறை. ஆனால் போயாவன்று சாராயக்கடை திறக்காது. நாடறிந்த இச்சட்டம் கூட்டாளிக்கு மட்டும் வருடந்தோறும் புதினம்.

முதல் வழக்கு, குளத்தைக் கட்டியவர் யார் என்பது. கோணேசர் கல்வெட்டின் கட்சிக்காரர் குளக்கோட்டன் என்பார். சூளவம்சத்தின் பக்கம் நிற்பவர் ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி என்பார். குளக்கட்டில் சூடேறும் இவ்விவாதம் வீதியோரத் தயிர்க்கடையில் ஆறிவிடும். மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிரின்மேல் கித்துள் பாணி விழுந்ததும், எவன் கட்டியிருந்தாலும் எருமை நன்றாகக் குளித்திருக்கிறது என்ற உடன்பாடு எட்டப்படுகிறது. வரலாற்றுத்துறைக்கு இம்முறையைத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம்.

இரண்டாவது வழக்கே முக்கியமானது. அது இரவு ஏழு மணிக்குத் தொடங்கும்.

“மச்சான், நுளம்புத்திரி எடுத்தனியோ?”

“நீ எடுப்பாயெண்டு நினைச்சன்.”

நட்பின் வரலாறு முழுவதும் இவ்விரு வாக்கியங்களுக்குள் அடங்கும். பிறகு விடுதிக் காவலாளியிடம் ஒரு பெட்டி கிடைக்கும். அதில் இரண்டு சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். பிரிக்கும்போது ஒன்று உடைந்தே தீரும். உடைந்த துண்டு தகரக்காலில் நில்லாது. கூட்டாளி அதைச் சோடா மூடியொன்றில் சாய்த்துக் கொளுத்துவார். அது அணையும், மறுபடி கொளுத்துவார். இதற்கிடையே 1980களில் யாரோ யாருக்கோ எழுதிய கடிதத்தை யார் கொண்டுபோய்க் கொடுத்தது என்ற மூன்றாவது வழக்கு எடுக்கப்படும். நுளம்புகள் இருதரப்பையும் பாரபட்சமின்றிக் கடிக்கும்.

மீன்பிடி பற்றி விரித்துரைக்க ஏதுமில்லை. 1952இல் வந்து இந்நாட்டுக் குளங்களை நிறைத்த ஆபிரிக்கத் திலாப்பியாகூட இவ்விருவரின் தூண்டிலுக்கு அகப்படுவதில்லை. வாங்கிப் பொரிப்பதே மரபு.

இருவர் போய்த் தங்கும் இவ்வழக்கத்துக்கு மாவட்டத்திலேயே முன்னுதாரணம் உண்டு. புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக் குடாவுக்கு வந்து நின்றது. அதிலிருந்த இளைஞர் றொபேட் நொக்ஸ் 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டார். பாய்மரத்துக்காக வந்தவர் பத்தொன்பது வருடத்துக்குமேல் தங்க நேர்ந்தது. விடுமுறை நீண்டுபோவதாக மனைவியிடம் ஏச்சு வாங்குவோர் இத்தகவலைக் குறித்துக்கொள்ளலாம். நொக்ஸுக்கும் ஒரு கூட்டாளி இருந்தார்: ஸ்டீவன் றட்லண்ட். இருவரும் சில்லறை வியாபாரிகளாக வடக்குப் பக்கம் போய்ப்போய் வழி பார்த்து, 1679 ஒக்டோபரில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சேர்ந்தார்கள். 1681இல் நொக்ஸின் நூல் இலண்டனில் வெளியானது. றட்லண்ட் நூல் எழுதவில்லை. ஆகவே காட்டில் பாதை தவறியபோது யார் யாரை ஏசினார் என்பதில் ஒருதரப்புச் சாட்சியமே எமக்குக் கிடைக்கிறது. இக்கட்டுரைக்கும் அதே குறை உண்டு. கூட்டாளி எழுதினால் நுளம்புத்திரி வழக்கு வேறுவிதமாக இருக்கும்.

ஆய்வின் முடிவு: மேற்படி வழக்குகள் எதிலும் தீர்ப்பு வழங்கப்படக் கூடாது. கடிதம் கொடுத்தவர் யாரென்று என்றைக்காவது ஐயந்திரிபற நிறுவப்பட்டால், அடுத்த வருடம் கந்தளாய்க்குப் போகக் காரணம் இல்லாமற் போய்விடும். வாசகர்களே, நாட்காட்டியைப் பார்த்து, வெள்ளியிலோ திங்களிலோ வரும் போயாவுக்கு இப்போதே அறையைச் சொல்லி வையுங்கள். நீண்ட விடுமுறையில் அறை கிடைப்பது கடினம்.