பீரங்கியால் அளந்த ஊர்

நீங்கள் எப்போதாவது மனை வாங்கியிருக்கிறீர்களா? பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்றிதழ் என்று அலைந்து, சர்வேயரைக் கெஞ்சி அழைத்து வந்து, நாலு மூலையிலும் கல் நட்டு, பக்கத்து மனைக்காரரோடு ஒரு சண்டையும் போட்ட பிறகு பார்த்தால் அரை சென்ட் குறையும். 1690-இல் கடலூரை வாங்கிய வெள்ளைக்காரர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. சர்வேயர் வேலையைப் பீரங்கி பார்த்துக்கொண்டது.

நடந்தது இதுதான். சிவாஜியின் மகன் ராஜாராம் அப்போது செஞ்சிக் கோட்டையில் இருந்தார். கோட்டைக்கு வெளியே அவுரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் படையோடு உட்கார்ந்திருந்தார். முற்றுகை என்றால் செலவு. கையில் காசு இல்லை. ஆனால் தேவனாம்பட்டினத்தில், இன்று சில்வர் பீச்சில் சுண்டல் விற்கிறார்களே, அந்தக் கடலோரத்தில் மராட்டியர் வசம் ஒரு கோட்டை இருந்தது. விற்றுவிடலாம் என்றார்கள். மெட்ராஸ் கவர்னர் எலிஹு யேல் பணப்பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

விலை பேசியாயிற்று. கோட்டையோடு நிலம் எவ்வளவு? இங்கேதான் ரியல் எஸ்டேட் வரலாற்றிலேயே அபாரமான ஷரத்து ஒன்றைப் போட்டார்கள்: கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட வேண்டும். குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் கிழக்கிந்தியக் கும்பெனிக்குச் சொந்தம்! கையெழுத்துப் போட்டபோது மராட்டியர்கள் மனசில் இருந்தது சராசரிப் பீரங்கி. யேல் மனசில் இருந்தது வேறு.

இருப்பதிலேயே நல்ல பீரங்கியாகவும், கைதேர்ந்த ஆளாகவும் பார்த்து மெட்ராஸிலிருந்து அனுப்பினார்கள். மருந்தை எவ்வளவு கிட்டிப்பது, குழாயை எவ்வளவு நிமிர்த்துவது என்பதெல்லாம் சுடுகிறவனின் சாமர்த்தியம் என்ற அர்த்தத்தில் ஒரு குறிப்பும் கூடவே போயிற்று. அதாவது சட்டப்படிதான் மோசடி! செப்டம்பர் மாதம் திசைக்கொரு குண்டாகச் சுட்டார்கள். வயலில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், ‘தொப்’ என்று சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவர் ராஜாவே மாறிவிட்டார்.

கடலூர் டவுன் முழுசும், சுற்றியிருந்த ஊர்களும் இந்தக் குண்டு வட்டத்துக்குள் வந்தன. ‘குண்டு கிராமங்கள்’ என்றே அவற்றுக்குப் பெயர். இன்றைக்கும் கடலூர் பக்கத்தில் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பெயரைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பதிவுத்துறை ஆவணம் எரிந்து போகலாம், ஊர்ப் பெயரை யார் எரிக்க முடியும்?

கோட்டைக்குச் செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்துவிட்டு மெட்ராஸில் உட்கார்ந்திருந்த யேலை, சொந்தமாகக் காசு பார்த்தார் என்ற புகாரில் 1692-இல் பதவியிலிருந்து தூக்கினார்கள். மனிதர் அசரவில்லை. சேர்த்த சொத்தோடு லண்டன் போய்ச் சேர்ந்தார். 1718-இல் அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்னக் கல்லூரி, கட்டடம் கட்டப் பணம் இல்லை என்று அவரை அணுகியது. அவர் அனுப்பியது ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகங்கள், அரசர் ஜார்ஜின் படம் ஒன்று. சரக்கை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. அவ்வளவுதான்! நன்றிக்கடனாகக் கல்லூரிக்கே யேல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நம் கோவில்களில் ட்யூப்லைட் கொடுத்தவர் ‘உபயம்: இன்னார்’ என்று லைட்டின் மேலேயே எழுதி வெளிச்சத்தைப் பாதி மறைப்பார் இல்லையா? அவராவது ட்யூப்லைட்டோடு நிறுத்திக்கொண்டார். யேலுக்குக் கோவிலே அவர் பெயரில் கிடைத்தது.

அந்தப் பீரங்கிக்கு எட்டாத ஊர்களும் உண்டு. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், தெற்கே இருக்கிற செம்மங்குப்பம் அப்படித் தப்பித்த ஊர். தப்பித்து என்ன பிரயோசனம்? 1980-களில் அந்தப் பக்கம் சிப்காட் வந்தது. மருந்து, சாயம், ரசாயனம் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். 2004-இல் சுற்றுவட்டார ஊர்க்காரர்களே பக்கெட்டில் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எந்த நேரத்தில் எந்த நாற்றம், அழுகிய முட்டையா, நகப்பூச்சா என்று நோட்டுப் போட்டு எழுதியும் வைத்தார்கள். யேலின் குண்டு ஓர் இடத்தில் விழுந்து நின்றுவிட்டது. இந்த நாற்றம் காற்றடிக்கிற பக்கமெல்லாம் போய் விழுகிறது, பத்திரமே இல்லாமல்.

சரி, அடுத்த ஹீரோவுக்கு வருவோம். ராபர்ட் கிளைவ்! நம் பாடப்புத்தகங்களில் மார்பை நிமிர்த்தி நிற்பாரே, அவரேதான். 1746-இல் மெட்ராஸைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, இந்த வருங்கால சாம்ராஜ்ய ஸ்தாபகர் நம்மூர் ஆள் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு தப்பி, கடலூருக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவர் ஒரு குமாஸ்தா. வெயிலில் வெந்த அந்த வெள்ளை முகத்துக்கு எந்த வேஷம் பொருந்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வழியில் பார்த்த ஜனங்கள், பாவம் யாரோ, என்று விட்டிருப்பார்கள்.

கடலூரில் அவர் செய்த வீரச்செயல்களில் ஒன்று, சீட்டாட்டத்தில் ஏமாற்றியதாக ஒரு ஆபீசரோடு துப்பாக்கிச் சண்டை போட்டது. கிளைவ் சுட்ட குண்டு குறி தவறியதாம். எதிராளி நேரே வந்து துப்பாக்கியை இவர் நெற்றியில் வைத்து மன்னிப்புக் கேள் என்றாராம். சுட்டுக்கோ, நீ ஏமாற்றியது ஏமாற்றியதுதான் என்று இவர் நின்றாராம். எதிராளி, பைத்தியக்காரனிடம் என்ன பேச்சு என்று போய்விட்டார். இன்னொன்று, கோட்டைப் பாதிரியார் தன்னைப் பற்றி அவதூறு பேசினார் என்று கடலூர்த் தெருவில் வைத்து அவரைப் பிரம்பால் நாலு போடு போட்டது. விசாரணை நடந்தது. தீர்ப்பு? கிளைவ் மேல் தப்பில்லை! பதினெட்டாம் நூற்றாண்டின் கட்டப்பஞ்சாயத்தும் நம்முடையது மாதிரியே இருந்திருக்கிறது.

இதே கிளைவ் 1756-இல் இந்தக் கோட்டைக்கே கவர்னராகத் திரும்பி வந்தார். மஞ்சக்குப்பத்தில் பங்களா, தோட்டம், பல்லக்கு. இரண்டு மாசம்கூட உட்கார்ந்து அனுபவிக்கவில்லை. கல்கத்தா போய்விட்டது என்று செய்தி வந்ததும் வங்காளத்துக்கு ஓடினார், பிளாசி ஜெயித்தார். அவர் அங்கே மாலை வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே அவர் விட்டுப்போன கோட்டைக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தார் இன்னொருவர்.

அவர் பெயர் லாலி. பிரெஞ்சு ஜெனரல். வீரம் இருந்தது, கோபம் அதைவிட அதிகம் இருந்தது. 1758 ஏப்ரல் 28-இல் பாண்டிச்சேரியில் கப்பலை விட்டு இறங்கினார். இறங்கிய கையோடு, சாப்பாட்டுக்கோ வண்டிமாட்டுக்கோ ஏற்பாடு இல்லாமலே கடலூருக்குப் படையைக் கிளப்பிவிட்டார். மாடு இல்லையா? மனிதர்களைப் பிடி! பாண்டிச்சேரி ஜனங்களைச் சாதி, அந்தஸ்து எதுவும் பார்க்காமல் சுமை தூக்க வைத்தார். சமத்துவம் என்று நினைத்துவிடாதீர்கள், அவசரம். ஜூன் 2-இல் செயின்ட் டேவிட் கோட்டை விழுந்தது. மறுபடி எவனும் வந்து உட்காரக் கூடாது என்று அதை வெடி வைத்துத் தகர்த்தார். ஒரு காலத்தில் தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக இருந்த கோட்டை கற்குவியலாயிற்று. லாலி ஊர் திரும்பியதும் துரோகக் குற்றம் சாட்டி, 1766-இல் பாரிஸில் அவர் தலையையும் எடுத்துவிட்டார்கள். கோட்டையும் இல்லை, இடித்தவரும் இல்லை. தேவனாம்பட்டினத்து மீனவர்கள் மட்டும் விடிகாலையில் வழக்கம்போல வலை எடுத்துக்கொண்டு போனார்கள்.

கோட்டை போனாலும் கடலூரில் ஜெயில் இருந்தது. 1918 நவம்பர் 11-இல் உலக யுத்தம் முடிந்தது. ஜெர்மன் கெய்சரையே வீட்டுக்கு அனுப்பிய பிரிட்டிஷ் சர்க்கார், ஒன்பதாவது நாள் கடலூர் அருகே ஒரு முண்டாசுக்காரரைப் பார்த்து வெலவெலத்துப் போயிற்று. பத்து வருஷம் பாண்டிச்சேரியில் இருந்துவிட்டு எல்லையைத் தாண்டி வந்த பாரதியார்தான் அவர். கையில் இருந்த ஆயுதம் பேனா. டிசம்பர் 14 வரை கடலூர்ச் சிறையில் வைத்து, நிபந்தனைகளெல்லாம் போட்டு விட்டார்கள். சூரியன் மறையாத சாம்ராஜ்யத்துக்கு வெற்றுக் காகிதத்தைப் பார்த்தாலே பயம்!

இப்போது கொஞ்சம் பின்னோக்கிப் போய், எனக்கு ரொம்பப் பிடித்த கதைக்கு வருகிறேன். 1783. கடலூர் இப்போது பிரெஞ்சுக்காரர் கையில். தலைவர் புஸ்ஸி. முப்பது வருஷம் முன்னால் ஹைதராபாத்தையே ஆட்டிப்படைத்த சூப்பர் ஸ்டார். இப்போது வயசாகி, உடம்புக்கு முடியாமல், ரீ-என்ட்ரி கொடுத்திருந்தார். அவரை விரட்ட மெட்ராஸிலிருந்து கிளம்பியவர் ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். ஏப்ரலில் புறப்பட்டு, ஜூன் முதல் வாரத்தில் கடலூர் வந்தார். பஸ்ஸில் நாலரை மணி நேரம். அவருக்குக் கிட்டத்தட்ட நாற்பது நாள்.

ஸ்டூவர்ட்டைக் கிண்டல் பண்ணுவதற்கு முன் ஒன்று சொல்லியாக வேண்டும். 1781-இல் காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் ஹைதர் அலியோடு நடந்த சண்டையில் மனிதர் ஒரு காலை இழந்தவர். அதே வருஷம் அவருடைய பெரிய தளபதி அயர் கூட், சிதம்பரத்தில் நடராஜர் கோவிலுக்குள் இருந்த ஹைதரின் ஆட்களைச் சுலபமாகத் துரத்திவிடலாம் என்று மதில் மேல் மோதி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினார். இரண்டே வாரத்தில் பரங்கிப்பேட்டையில் ஹைதரை ஜெயித்துக் கணக்கை நேர் செய்தார் என்பது வேறு. ஆனால் தில்லையில் நடந்ததை அவருடைய ரசிகர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

கடலூர் வாசலில் ஜூன் 13-இல் பயங்கரச் சண்டை. இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில் விழுந்தார்கள். 20-இல் கடலில் இன்னொன்று. ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸிடம் 18 போர்க்கப்பல், பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரானிடம் 15. போன வருஷம் வேறோர் அட்மிரல் எதிரியிடம் மாட்டிக்கொண்டதால், தளபதிகள் இனிமேல் சண்டை வரிசைக்கு வெளியே சின்னக் கப்பலில் நின்றுதான் உத்தரவிட வேண்டும் என்று பாரிஸிலிருந்து ஆர்டர் வந்திருந்தது. ஆஜானுபாகுவான சுஃப்ரான் முணுமுணுத்துக்கொண்டே சின்னக் கப்பலுக்கு மாறினார். மூன்று மணி நேரம் சுட்டுக்கொண்டார்கள். ஹியூஸ் மெட்ராஸுக்குத் திரும்பிப் போனார். 25-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையிலிருந்து பாய்ந்து வந்து அடிபட்டுத் திரும்பினார்கள். அன்றைக்குக் காயத்தோடு பிடிபட்ட சார்ஜன்ட் பின்னால் ஸ்வீடன் நாட்டு ராஜாவான பெர்னடாட் என்று ஒரு கதை உண்டு. கேட்கவே ஜோராக இருக்கிறது. விவரம் தெரிந்த சரித்திரக்காரர்கள் நம்பவில்லை. கடலூருக்கு ஒரு ராஜா கிடைத்திருப்பார், போச்சு.

விஷயம் இனிமேல்தான். ஜூன் கடைசியில் வெள்ளைக் கொடியோடு ஒரு கப்பல் மெட்ராஸிலிருந்து வந்தது. அது கொண்டுவந்த செய்தி: இங்கிலாந்தும் பிரான்ஸும் சமாதானம் ஆகிவிட்டன. எப்போது? ஜனவரி 20-இல்! ஐந்து மாசமாகச் சிநேகிதர்களாக இருந்தவர்கள் கடலூரில் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்தார்கள். அட்மிரல் எந்தக் கப்பலில் நிற்க வேண்டும் என்ற ஆர்டர் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது. சண்டையே வேண்டாம் என்ற செய்திதான் வழியில் மாட்டிக்கொண்டது.

ஸ்டூவர்ட் மெட்ராஸ் திரும்பினார். மெதுவாகப் போனதற்குக் கணக்குக் கேட்டார் கவர்னர் மக்கார்ட்னி பிரபு. இருவருக்கும் ஏற்கெனவே ஆகாது. போதாக்குறைக்கு, 1776-இல் அப்போதைய கவர்னர் பிகாட்டையே கைது செய்த ஆள் இந்த ஸ்டூவர்ட். ‘அடுத்தது நான்தானோ’ என்று மக்கார்ட்னிக்கு உதறல். முந்திக்கொண்டு ஸ்டூவர்ட்டைக் கைது செய்து கப்பலில் ஏற்றிவிட்டார்.

மூன்று வருஷம் ஸ்டூவர்ட் காத்திருந்தார். 1786 ஜூன் 8, லண்டன். இருவரும் துப்பாக்கியோடு பன்னிரண்டு அடி வைத்து எதிரெதிரே நின்றார்கள். ஒற்றைக் காலோடு நிற்க முடியாததால் ஜெனரல் ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டார். பிரபுவுக்குக் கிட்டப்பார்வை. தன்னைச் சரியாகத் தெரிகிறதா என்று ஜெனரலுக்கே சந்தேகம். அதோடு, ‘பிரபுவே, உங்கள் துப்பாக்கிக் குதிரையை நீங்கள் இன்னும் இழுக்கவில்லை’ என்று எடுத்துச் சொன்னார். பிரபு நன்றி சொல்லி, இழுத்துக்கொண்டார். கொல்ல வந்த இடத்தில் என்ன மரியாதை! சுட்டார்கள். பிரபுவின் தோளில் குண்டு. ஜெனரலுக்குத் திருப்தி இல்லை, இன்னொரு ரவுண்டு போகலாம் என்றார். கூட வந்தவர்கள் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

தோள் ஆறிய மக்கார்ட்னியை 1792-இல் சீனாவுக்குத் தூதராக அனுப்பினார்கள். பேரரசர் முன்னால் இரண்டு முழங்காலும் மண்ணில் பட விழுந்து, நெற்றியைத் தரையில் ஒன்பது முறை தட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். பிரபு முடியாது என்றார். வாரக்கணக்கில் இழுபறி. கடைசியில் ஒரே ஒரு காலை மட்டும் மடக்கி மண்டியிட்டார். கேட்ட வியாபாரச் சலுகை ஒன்றுகூடக் கிடைக்காமல், அந்தக் காலை நிமிர்த்திக்கொண்டு கப்பல் ஏறினார்.